மீட்டரைக் கழற்றும் முன்: வாசகர் கேள்விகள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் டேஷ்போர்டு பற்றியவை. எனக்கு அதில் ரொம்ப சந்தோஷம், ஏனென்றால் என் தொழிலே அதுதான். அப்பா கோயம்புத்தூரில் கைக்கடிகாரம் பழுது பார்த்தவர். பதினாறு வயதில் அவருடைய மேஜைக்கு எதிர்ப்பக்கம் உட்கார ஆரம்பித்தேன். கடிகாரம் அவருக்கு, லாரி மீட்டரும் கார் மீட்டரும் எனக்கு என்று வேலையைப் பிரித்துக்கொண்டோம். நாற்பது வருடமாக அந்த மேஜை மாறவில்லை.

திருச்சியிலிருந்து ஒரு வாசகர்: என்னிடம் ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் இருக்கிறது. டேஷ்போர்டு மரப்பலகையைக் கழற்றி, வார்னிஷ் அடித்து, திரும்ப மாட்டினேன். அன்றிலிருந்து பெட்ரோல் கேஜ், ஹீட் கேஜ் இரண்டுமே அதிகமாகக் காட்டுகின்றன. அரை டேங்க் பெட்ரோலுக்கு முள் ‘ஃபுல்’லைத் தாண்டுகிறது. ரேடியேட்டரோ கொதிக்கவே இல்லை. இரண்டு கேஜும் ஒரே நாளில் கெட்டுப்போகுமா?

கெட்டுப்போகாது. இரண்டு முள்ளும் சேர்ந்து ஏறுகின்றன என்று எழுதினீர்களே, அதிலேயே விடை இருக்கிறது. கேஜ்களைத் தொடாதீர்கள்.

ஸ்பீடோமீட்டருக்குப் பின்னால் தீப்பெட்டியைவிடச் சிறிய தகரப் பெட்டி ஒன்று இருக்கும். அதுதான் வோல்டேஜ் ஸ்டெபிலைசர். உங்கள் கேஜுக்குள் இரட்டை உலோகத் தகடு ஒன்றும், அதைச் சுற்றிய சூட்டுக் கம்பியும் உண்டு. தகடு சூடேறி வளையும்போது முள்ளைத் தள்ளும். சாவி போட்டதும் முள் மெதுவாக ஏறுவது அதனால்தான். வண்டி ஓடும்போது வோல்டேஜ் ஏறி இறங்கினால் முள்ளும் ஏறி இறங்கும் அல்லவா? அதைத் தடுக்க ஸ்டெபிலைசர் 12 வோல்ட்டை விட்டு விட்டுக் கொடுத்து, சராசரியாக 10 வோல்ட்டாக ஆக்குகிறது. இதற்கு அந்தப் பெட்டியின் உடம்புக்கு எர்த் வேண்டும். எர்த் இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் தகடு சூடாகாது, கரண்ட் போகும் பாயிண்ட் (தொட்டு விலகும் முனை) விலகாது, முழு வோல்டேஜும் நேராகக் கேஜுகளுக்குப் போய்விடும்.

தகர டேஷ்போர்டாக இருந்தால் பலகையே எர்த். உங்களுடையது மரம், அதில் கரண்ட் போகாது. கழற்றும்போது ஒரு கறுப்பு ஒயர் தனியாக வந்திருக்கும், மாட்டும்போது மறந்திருப்பீர்கள். அல்லது அது பிடிக்கும் இடத்தில் வார்னிஷ் படிந்திருக்கும். அதைச் சுரண்டி, ஒயரை இறுக்கிப் பாருங்கள். பத்தில் எட்டு ஹெரால்டு இதோடு சரியாகிவிடும்.

சரியாகாவிட்டால் டெஸ்ட் லாம்பை ஸ்டெபிலைசரின் ‘ஐ’ முனைக்கும் பாடிக்கும் நடுவே வையுங்கள். விளக்கு மினுக்கினால் பெட்டி நன்றாக இருக்கிறது. விடாமல் எரிந்தால் பாயிண்ட் ஒட்டிக்கொண்டது. அப்படியானால் சென்னை ரிச்சி தெருவில் 7810 என்று கேளுங்கள், மூன்று கால் ரெகுலேட்டர், விலையும் சொற்பம். பழைய பெட்டியின் வயிற்றைக் காலி செய்து அதற்குள்ளேயே பொருத்தலாம், வெளியே பார்ப்பவருக்கு எதுவும் தெரியாது. ஆனால் 7810 நெகட்டிவ் எர்த் வண்டிக்கு மட்டும்தான். பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியில் மாட்டியிருந்தால் 7910 வேண்டும்.

எதிர்காலத்துக்காக ஒன்று சொல்லி வைக்கிறேன். ஒரு கேஜ் மட்டும் தப்பாகக் காட்டினால் அதன் சொந்த ஒயரைப் பாருங்கள். ஒயரின் நிறங்கள் இன்னும் மங்காமல் இருந்தால், பச்சையில் கறுப்புக் கோடு போட்டது டேங்குக்குப் போகும், பச்சையில் நீலக் கோடு போட்டது இன்ஜினுக்குப் போகும். டேங்கில் அந்த ஒயரைக் கழற்றி ஒரு நொடி பாடியில் தொட்டால் முள் ஏறத் தொடங்க வேண்டும். ஏறினால் கேஜ் நல்லது, கோளாறு டேங்கில் இருக்கும் மிதவையில். 1961-இலிருந்து சென்னைக்கு வெளியே பெருங்களத்தூர் பக்கம் செய்த வண்டி ஹெரால்டு. இன்னும் ஓட வைத்திருக்கிறீர்களே, ரொம்ப மகிழ்ச்சி.

காரைக்குடியிலிருந்து ஒரு வாசகி: ஐயா, தாத்தாவின் 1951 செவ்ரோலே கார் பல வருடம் ஷெட்டில் கிடந்தது. சித்தப்பா அதை 6 வோல்ட்டிலிருந்து 12 வோல்ட்டுக்கு மாற்றி ஓட வைத்துவிட்டார். டேஷ்போர்டு கடிகாரம் மட்டும் பேட்டரி மாட்டியதும் ‘டக்’ என்று ஒரு சத்தம் போட்டது, அப்புறம் ஓடவில்லை. கொஞ்ச நேரத்தில் கருகிய வாசனை வந்தது. கடைக்காரர் உள்ளே இருப்பதை எடுத்துவிட்டு குவார்ட்ஸ் மெஷின் வைத்துத் தருகிறேன் என்கிறார். சின்ன வயதில் தாத்தா மடியில் உட்கார்ந்து அந்த ‘டக்’ எப்போது வரும் என்று காத்திருப்போம். அந்தச் சத்தம் திரும்பக் கிடைக்குமா?

கிடைக்கும் அம்மா. முதலில் கடிகாரத்துக்குப் போகும் ஒயரைக் கழற்றி, முனையில் டேப் சுற்றி வைத்துவிடுங்கள். மீதியை நிதானமாகப் படிக்கலாம்.

அந்தக் கடிகாரம் கரண்டில் ஓடுவதில்லை. கரண்ட் அதற்குச் சாவி கொடுக்கிறது, அவ்வளவுதான். உள்ளே இருப்பது உங்கள் தாத்தா கையில் கட்டியிருந்த வாட்ச் போலவே பாலன்ஸ் வீலும் ஹேர் ஸ்பிரிங்கும். ஓட்டுவதற்குக் குட்டி ஸ்பிரிங் ஒன்று உண்டு, அதன் தெம்பு இரண்டு நிமிடம்கூட வராது. அது தளர்ந்ததும் இரண்டு பாயிண்டுகள் தொட்டுக்கொள்ளும், காயிலுக்குக் கரண்ட் பாயும், காயில் ஒரு கையை எட்டித் தள்ளி ஸ்பிரிங்கை முறுக்கிவிடும். தள்ளிய வேகத்தில் பாயிண்ட் விலகிவிடும். எல்லாம் கண் சிமிட்டும் நேரத்தில். நீங்கள் காத்திருந்த ‘டக்’ அதுதான்.

இதில் பாயிண்ட் விலகாமல் போனால் காயிலுக்கு ஆபத்து. ஒரு நொடிக்கும் குறைவாக வேலை செய்யச் சுற்றிய காயில் அது, ஒரு நிமிடம் விடாமல் கரண்ட் பாய்ந்தால் கருகும். பழைய கார்களில் கடிகாரம் செத்ததற்குப் பெரும்பாலும் இறங்கிப்போன பேட்டரிதான் காரணம். கையை முழுதாகத் தள்ள வலு இருக்காது, பாயிண்ட் தொட்டபடியே நின்றுவிடும். உங்கள் வீட்டில் நடந்தது வேறு என்று நினைக்கிறேன். செவ்ரோலே 12 வோல்ட்டுக்கு மாறியது 1955 மாடலில்தான். உங்கள் கடிகாரம் 6 வோல்ட்டுக்குச் செய்தது. அதற்கு இரண்டு மடங்கு வோல்டேஜ் கொடுத்தால் காயிலில் சூடு நாலு மடங்காகும், பாயிண்டில் பொறி பறக்கும், பொறியில் பாயிண்டே ஒட்டிக்கொள்ளும். போதாததற்கு உள்ளே பல வருடத்து எண்ணெய் பிசினாக இறுகியிருக்கும்.

காரை ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள், ஆனால் கடிகாரத்தைக் கழற்றி வாட்ச் ரிப்பேர் செய்பவரிடம் கொடுங்கள். லூப் கண்ணாடி மாட்டிக்கொண்டு உட்காரும் ஒரு பெரியவர் எந்த ஊரிலும் இன்னும் ஒருவராவது இருக்கிறார். அவரிடம் இதைச் சொல்லுங்கள். பாயிண்டை எமரித் தாளால் தேய்க்க வேண்டாம், மணல் உள்ளே தங்கிவிடும். மெல்லிய அரத்தால் இரண்டு இழுப்பு, அப்புறம் ஸ்பிரிட் நனைத்த கெட்டித் தாளை நடுவே விட்டு உருவினால் போதும். பாகங்களைப் பெட்ரோலில் அலசியபின் கடிகார எண்ணெயை ஊசிமுனையில் தொட்டு அச்சுகளில் மட்டும் வைக்க வேண்டும். பல்லில் வேண்டாம், ஹேர் ஸ்பிரிங்கில் வேண்டவே வேண்டாம். தையல் மெஷின் எண்ணெய் ஆறு மாதம் ஓட வைத்து, ஏழாம் மாதம் நிறுத்தும். ஸ்ப்ரே எண்ணெய் அதைவிட மோசம்.

காயில் கருகியிருந்தால் திரும்பச் சுற்றலாம். பழைய கம்பியைப் பிரிக்கும்போதே சுற்றுகளை எண்ணி எழுதிக்கொண்டு, கம்பியின் தடிமனை மைக்ரோமீட்டரில் அளந்து, அதே கம்பியில் அதே எண்ணிக்கை. அப்பா ஒரு காயிலைச் சுற்ற ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை எடுத்துக்கொள்வார். பேச்சுக் கொடுத்தால் எண்ணிக்கை தவறும் என்று அன்று வீட்டில் யாரும் அந்த அறைப் பக்கம் போகமாட்டோம்.

முடிந்ததும் காரில் மாட்டாமல், மேஜையிலேயே 6 வோல்ட் பேட்டரியில் இரண்டு இரவு ஓட விடுங்கள். காரில் மாட்டும்போது, காயிலின் ரெசிஸ்டன்ஸ் எத்தனை ஓம் என்று அளந்து, அதே அளவு ரெசிஸ்டர் ஒன்றைத் தொடராகச் சேர்த்தால் காயிலுக்குப் பாதி வோல்டேஜ்தான் போகும். முறுக்கும் நேரத்தில் மட்டுமே கரண்ட் ஓடுவதால் இந்தக் கடிகாரத்துக்கு இந்த எளிய வழியே போதும். தனியாக ஒரு ஃபியூஸும் போடுங்கள். காரை மாதக்கணக்கில் நிறுத்தும்போது அந்த ஃபியூஸை உருவி வைத்துவிடுங்கள். சித்தப்பாவிடம் இன்னொன்றும் கேளுங்கள்: பெட்ரோல் கேஜும் 6 வோல்ட்தான், அதற்கு என்ன செய்தார்?

குவார்ட்ஸ் வைத்தால் மணி சரியாகக் காட்டும், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் அந்த முகத்துக்குப் பின்னால் இருந்தது போய்விடும். நானே சிலருக்கு வைத்துக் கொடுத்திருக்கிறேன், பாகம் உடைந்து வேறு வழியே இல்லாதபோது. அப்போதும் பழைய மெஷினை ஒரு டப்பாவில் போட்டு, என்ன கார், என்ன வருடம் என்று எழுதி, உரியவரிடமே கொடுத்துவிடுவேன். உங்களுக்கு இன்னும் அந்த நிலை வரவில்லை.

சேலத்திலிருந்து ஒரு வாசகர்: பியட் காரை முழுவதும் புதுப்பித்துவிட்டேன். கிலோமீட்டரையும் 00000 ஆக்கித் தருவீர்களா?

மாட்டேன். வண்டி ஓடிய தூரம் வண்டிக்குச் சொந்தம், நாளைக்கு அதை வாங்குபவருக்கும் தெரிய வேண்டும். இன்ஜின் வேலை முடிந்த நாளன்று மீட்டர் என்ன காட்டியது என்று ஆர்.சி. புத்தகத்தோடு ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு வாசகர்: வணக்கம் ஐயா. அப்பாவின் ஆஸ்டின் ஏ40 எங்களிடம் இருக்கிறது. சண்டைக் காலத்தில் பெட்ரோல் இல்லாமல் மண்ணெண்ணெயில் ஓடின கார். ஸ்பீடோமீட்டர் கண்ணாடி உடைஞ்சு கனகாலம், டயல் முழுக்கத் தூசி, இலக்கங்கள் பாதி மங்கிப் போயின. முள்ளில் பூசியிருந்த ஏதோ ஒன்று மண்ணிறமாகி உதிருது. இங்கே ஒரு பெயின்ரர் எல்லாத்தையும் சுரண்டிவிட்டுப் புதிசாக எழுதித் தாறன் என்கிறார். கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள், தயவுசெய்து கொடுக்காதீர்கள். காரணம் இரண்டு. உங்கள் உடம்பைப் பற்றியதை முதலில் சொல்கிறேன்.

முள்ளில் உதிர்வது இருட்டில் ஒளிர்வதற்காகப் பூசிய பூச்சாக இருக்கலாம். அந்தக் காலத்துக் கடிகாரங்களிலும் மீட்டர்களிலும் அதற்குக் கதிர்வீச்சு வீசும் ரேடியம் என்ற உலோகத்தைச் சேர்ப்பது வழக்கம். இப்போது இருட்டில் ஒளிரவில்லையே என்று நினைக்காதீர்கள். ஒளி கொடுப்பது கூடவே கலந்த துத்தநாக சல்பைடு, தேய்ந்துபோனது அதுதான். ரேடியத்தின் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறைய ஆகும் காலம், 1,600 வருடம், அது அப்படியேதான் இருக்கும். அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்தின் ஆரஞ்சு நகரத்தில் இந்தப் பூச்சை டயல்களில் பூசும் வேலை செய்த பெண்கள், தூரிகை கூராக வேண்டும் என்று உதட்டில் வைத்து உருட்டுவார்கள். அப்படித்தான் செய்யச் சொல்லிக் கொடுத்தார்கள். 1920-களில் அவர்களில் பலருக்குத் தாடை எலும்பு அரித்தது, பலர் இறந்தார்கள். என் அப்பா இதைச் சொல்லித்தான் எனக்கு முதல் பாடம் ஆரம்பித்தார். அதனால் பழுப்புப் பூச்சுள்ள எந்த டயலையும் நான் சுரண்டுவதில்லை, ஊதுவதும் இல்லை.

கண்ணாடிக்குள் மூடி இருந்தால் பெரிய பயம் இல்லை. தூளாகி மூக்கிலோ வாயிலோ போவதுதான் ஆபத்து. உங்களுடையது உடைந்த கண்ணாடி, உதிர்கிற பூச்சு. கையுறையும் முகக்கவசமும் போட்டு மீட்டரைக் கழற்றி, கெட்டிப் பிளாஸ்டிக் பையில் இட்டு மூடி, பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். விழுந்த தூளை ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள், துடைப்பம் போட வேண்டாம். கதிர்வீச்சைக் காட்டும் கைகர் கவுண்டர் இருக்கும் ஒரு இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் அதைக் காட்டிக் கேட்டுவிட்டு, ரேடியம் இல்லை என்று சொன்னால் மட்டும் கீழே சொல்லும் வேலையைத் தொடங்குங்கள். இருக்கிறது என்றால் அந்த முள்ளை விட்டுவிட்டு வேறு மீட்டர் தேடுங்கள்.

இனி டயல். இலக்கங்கள் மெல்லிய மையில் அச்சடித்தவை. தண்ணீர் படக்கூடாது, ஸ்பிரிட் படக்கூடாது, எச்சில் தொட்டுத் துடைக்கவே கூடாது. நான் தொழிலுக்கு வந்த முதல் வருடம் ஒரு ஸ்பீடோமீட்டரை ஈரத்துணியால் ஒருமுறைதான் துடைத்தேன். 60 என்ற எண் துணியோடு வந்துவிட்டது. கார்க்காரர் ஒரு வார்த்தை சொல்லவில்லை, கூலியையும் கொடுத்துவிட்டுப் போனார். அந்தத் துணியை ரொம்ப வருடம் மேஜை இழுப்பறையில் வைத்திருந்தேன். எனக்கு அது வேண்டியிருந்தது.

மென்மையான, காய்ந்த தூரிகை. கேமரா லென்ஸுக்குக் காற்றடிக்கும் ரப்பர் பந்து. பிடிவாதமான அழுக்கு என்றால் பஞ்சுக் குச்சியில் வாயால் ஊதி, அந்த ஈரத்தோடு அழுக்கின் மேல் உருட்ட வேண்டும், தேய்க்கக்கூடாது. அதையும் கண்ணாடி வளையத்துக்குள் மறையும் ஓரத்தில் முதலில் செய்து பாருங்கள். இதற்கு மேல் போகாதது போகாமலே இருக்கட்டும். பாதி மங்கிய 40-ஐ நாம் எல்லோரும் 40 என்றுதான் படிக்கிறோம். கையால் எழுதிய 40 எவ்வளவு அழகாக இருந்தாலும் அது உங்கள் அப்பா பார்த்து ஓட்டிய எண் இல்லை. பெயின்ரர் கை வைத்தபின் அதைத் திரும்பக் கொண்டுவர யாராலும் முடியாது.

எண்கள் அறவே போய்விட்ட டயல் என்றால் மட்டும் வேறு வழி உண்டு. எதையும் தொடுவதற்கு முன் டயலை ஸ்கேன் எடுத்து, எழுத்தின் அளவும் வடிவமும் மாறாமல் ஸ்கிரீன் பிரிண்டில் அச்சடிக்க வேண்டும். திருமணப் பத்திரிகை அச்சடிக்கும் நல்ல ஆள் ஒருவர் இதைச் செய்வார்.

முள்ளைக் கழற்ற வேண்டி வந்தால், அது எங்கே நிற்கிறது என்று பென்சிலில் குறித்துக்கொள்ளுங்கள். பூஜ்யத்தில் ஒரு சின்ன ஆணியில் சாய்ந்திருக்கும். ஆணியைத் தாண்டி விட்டால் எங்கே போய் நிற்கிறதோ அதுதான் ஸ்பிரிங்கின் உண்மையான ஓய்விடம், அதையும் குறிக்க வேண்டும். குறிக்காமல் கழற்றினால் அப்புறம் எல்லா வேகமும் பொய்யாகிவிடும்.

மதுரையிலிருந்து ஒரு வாசகர்: அம்பாசடரில் ஸ்பீடோமீட்டர் முள் 30-க்குக் கீழே நடுங்குகிறது, வேகம் போனால் நிற்கிறது. மீட்டரை மாற்றச் சொல்கிறார்கள்.

மீட்டர் நல்லது, கேபிள்தான் காய்ந்திருக்கிறது. உள்கம்பியை உருவி மண்ணெண்ணெயில் துடைத்து, கண்ணாடி மேஜையில் உருட்டிப் பாருங்கள். துள்ளினால் வளைந்திருக்கிறது, புதிதாக வாங்குங்கள். துள்ளாவிட்டால் லேசாகக் கிரீஸ் தடவிப் போடலாம், ஆனால் மீட்டர் பக்கத்து ஒரு சாண் நீளத்தைக் காயவிடுங்கள். முறுக்குக் கம்பி சுழலச் சுழல கிரீஸை மேலே ஏற்றிக்கொண்டு போய் மீட்டருக்குள் தள்ளும். அங்கே ஒரு காந்தம் சுழல்கிறது, அதைச் சுற்றி ஒரு அலுமினியக் கிண்ணம். இரண்டும் தொடுவதே இல்லை, காந்தம் சுழலும்போது கிண்ணத்தில் எழும் மின்சுழிதான் முள்ளை இழுக்கிறது. ஓட்டோ ஷுல்ஸே 1902-இல் காப்புரிமை வாங்கிய அதே ஏற்பாடு. அந்த இடுக்கில் கிரீஸ் போனால் முள் இழுபடும்.

டயர் அளவையோ பின் அச்சுப் பல்லையோ மாற்றியிருந்தால் இதையும் பாருங்கள். பல மீட்டர்களில் டயலின் அடியில் சின்னதாக ஒரு எண் இருக்கும். ஒரு கிலோமீட்டருக்கோ மைலுக்கோ கேபிள் எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்பது அது. கேபிள் முனையில் ஒரு அட்டை முள்ளைச் செருகி, வண்டியை நேராக 10 மீட்டர் தள்ளச் சொல்லி, சுற்றுகளை எண்ணி 100-ஆல் பெருக்குங்கள். கிலோமீட்டர் டயலில் இருக்கும் எண்ணோடு அது ஒத்துப்போக வேண்டும். மைல் டயல் என்றால் தள்ள வேண்டியது 52 அடி 9½ அங்குலம்.

ஊட்டியிலிருந்து ஒரு வாசகர்: எம்.ஜி.ஏ. காரின் இன்ஜினை இறக்கும்போது ஹீட் கேஜின் மெல்லிய செம்புக் குழாய் அறுந்துவிட்டது. ஈயம் வைத்து ஒட்டிவிட்டோம், ஆனாலும் முள் அசையவில்லை.

அது ஒயர் இல்லை. அந்தக் குழாய்க்குள் ஈதர் இருந்தது. இன்ஜின் சூட்டில் அது ஆவியாகி அழுத்தம் கொடுக்க, அந்த அழுத்தம்தான் முள்ளை நகர்த்தும். அறுந்த நொடியே ஈதர் போய்விட்டது. புதுப்பிப்பவர்கள் வேறொரு கேஜின் குமிழையும் குழாயையும் முழுதாக எடுத்து, குமிழை ஐஸும் உப்பும் கலந்த வாளியில் அமுக்கி ஈதரைத் திரவமாகவே வைத்துக்கொண்டு, பழைய கேஜோடு ஒட்டுவார்கள். நீங்கள் செய்ய வேண்டாம். ஈதர் பெட்ரோலைவிட வேகமாகப் பற்றும், பக்கத்தில் சால்டரிங் சூடு. இதையே தொழிலாகச் செய்பவரிடம் அனுப்புங்கள். உங்கள் காரில் ஆயில் அழுத்தமும் அதே டயலில்தான், ஆகவே ஆயில் குழாயின் நட்டைக் கழற்றும்போது இரண்டு ஸ்பேனர் பிடியுங்கள், குழாய் முறுகக்கூடாது. திரும்ப மாட்டியதும் இன்ஜினை ஓட விட்டு அந்த நட்டை விரலால் தடவிப் பாருங்கள். அங்கே கசிந்தால் சூடான ஆயில் உங்கள் காலில்தான் விழும்.

கடிதத்தோடு படம் அனுப்புபவர்களுக்கு: மீட்டரின் முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று, டயலின் அடியில் இருக்கும் சின்ன எண் தெளிவாகத் தெரியும்படி ஒன்று. பேட்டரியின் எந்த முனை பாடியில் மாட்டியிருக்கிறது என்றும் எழுதுங்கள்.